கொடிக்கம்பியில் வந்த செய்தி

என் கோபக்காரிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

உன் பவுடரைக் கொட்டிவிட்டு, அந்த டப்பாவில் செம்புக்கம்பி சுற்றி ரேடியோ செய்தது தப்பு. துணி காயப்போடும் கொடிக்கம்பியை ஏரியலாக்க, ஈரத்துணியைத் தரையில் போட்டது பெரிய தப்பு. "இந்த வீட்ல நான் இருக்கணுமா, இந்த டப்பா இருக்கணுமா?" என்று அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாயே, அப்போதுதான் முதல்முறையாகச் செய்தி கணீரென்று கேட்டது. அதனால்தான் சிரித்தேன். நீ கம்பியை விட்டாய், செய்தி நின்றது. அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய்.

நானும் பிடித்துப் பார்த்தேன், மாடிவீட்டுக்காரரும் பிடித்தார். வெறும் இரைச்சல்தான். "உங்க வீட்டம்மாவுக்குத்தான் சார் கைராசி," என்கிறார்.

வந்துவிடு. ஆசைதீரத் திட்டு, இரண்டு காதாலும் கேட்கிறேன். திட்டும்போது மட்டும் கம்பியைப் பிடித்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்