ஐந்துக்கு மேல் கறுப்பு

மார்ச் 3

மழை ஓய்ந்து பத்து நாள் ஆகிறது. மலைச் சைக்கிள் பாதைகள் காய்ந்துவிட்டன. போன வருடம் இதற்குள் ஏழு பாதைகளையும் ஓட்டி முடித்திருந்தேன். இந்த வருடம் சைக்கிள் சங்கத்திலிருந்து ஒரு போன்கூட இல்லை.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஏழு மாதம். தங்கை வந்து அலமாரியைக் காலி செய்தாள். துணியெல்லாம் யாருக்காவது கொடுத்துடலாம்கா என்றாள். கொடு என்றேன். கதவுக்குப் பின்னால் தொங்கும் அவருடைய மஞ்சள் கோட்டை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

மார்ச் 5

சங்கத் தலைவர் வந்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் எல்லாருக்கும் அவர் விசில்தான். உட்காராமலே பேசினார்.

"மேல் ஏரிப் பாதையில ஒருத்தங்க விழுந்துட்டாங்கம்மா. கணக்கு டீச்சர். தோள்பட்டை எலும்பு ரெண்டா போச்சு."

"எந்த இடத்துல?"

"செம்மண் வளைவுல."

"பிரேக்கை எப்படிப் பிடிச்சாங்களாம்?"

என்னையே பார்த்தார். "இப்ப எப்படி இருக்காங்கன்னு முதல்ல கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம்தான். விசில் கிளம்பிய பிறகுதான் அது உறைத்தது.

நீலப் பலகையை நம்பி இறங்கினேன் என்கிறாராம் டீச்சர். அது கறுப்பாக இருக்க வேண்டிய பாதை என்று இன்னும் நான்கு பேர் சொல்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.

என் விதியை இங்கே எழுதிவைக்கிறேன். கூட்டத்தில் வாய்த்தகராறு வந்தால் வாசித்துக் காட்டலாம். நான் அவசரமில்லாமல் ஓட்டுவேன். எங்கெல்லாம் சமாளிக்க முடியாமல் தரையில் கால் ஊன்றுகிறேனோ, பின்னால் வருபவர் அந்த இடத்திலேயே ஒரு கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பாதை முடிந்ததும் கற்களை என் கையில் கொட்ட வேண்டும். ஒன்று வரை பச்சை, எளிது. ஐந்து வரை நீலம், நடுத்தரம். ஐந்துக்கு மேல் கறுப்பு, கடினம். நான் எண்ணக் கூடாது. தன் காலைத் தானே எண்ணுகிறவர்கள் பொய் சொல்வார்கள். நான் ரொம்பக் கெட்டிக்காரியும் இல்லை, ரொம்ப மோசமும் இல்லை. அதனால்தான் என் கால் நம்பத்தக்க கால்.

இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நாற்பத்தொன்பது வயதில் விழுந்து விழுந்து சைக்கிள் பழகி, ஐம்பத்தொன்றில் நானே கண்டுபிடித்தது. பலகைகள் எல்லாம் என் கையெழுத்து.

பதினேழு வருடமும் பின்னால் வந்தது அவர்தான். ஒரே ஒரு வருடம் மேல் ஏரிப் பாதைக்கு ஏழு கற்களைக் கொட்டினார். எண்ணத் தெரியவில்லை உங்களுக்கு என்றேன். நான்கு நாள் அவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் எண்ணிக்கை சரியாகிவிட்டது. எப்போதும் நான்கு.

மார்ச் 6

ஒன்றுமில்லை. சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன்.

மார்ச் 9

கூட்டம். இரும்பு நாற்காலி, சுவரில் பாதி கிழிந்த வரைபடம், இரண்டு ஏரிகளும் கண்ணாடி உடைந்த மூக்குக்கண்ணாடி மாதிரி. என்னை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த தங்கையும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

சரிவை அளக்கக் கருவி வாங்கலாம் என்றார் விசில். மலையை அளந்தால் போதுமா, அதில் போகிற ஆளை யார் அளப்பது என்றேன்.

"ஆளைத்தாம்மா நானும் சொல்றேன். எனக்கு முட்டி போயிடுச்சு, பொருளாளருக்கு இடுப்பு போயிடுச்சு. உங்களுக்கு மட்டும் பத்து வருஷமா அதே நாலு. வயசே ஆகலையா?"

"மலைக்கும் ஆகல. எனக்கும் ஆகல."

"எங்கக்கா பிடிச்ச முயலுக்கு மூணு கால்தான்," என்றாள் தங்கை. "அந்த மூணையும் தரையில ஊன்ற விடமாட்டா."

அறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மேசையில் ஒரு எறும்பு விசிலின் டீ டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவு: சைக்கிள் கடைக்காரர் என் பின்னால் வந்து எண்ணுவார். ஐந்துக்கு மேல் போனால் பலகை கறுப்பு. அதோடு என் காலும் ஓய்வுபெறும். அடுத்த வருடத்திலிருந்து கருவி.

மார்ச் 12

மேல் ஏரிப் பாதை. கடைக்காரர் கொட்டிய கற்கள் ஒன்பது.

"நின்னதையெல்லாம் எண்ணியிருக்கீங்க," என்றேன்.

"நின்னா நின்னதுதானேம்மா. பார்த்துத்தான் போட்டிருக்கேன்."

எந்தெந்த இடம் என்று பில்லின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போடச் சொன்னார். போடவில்லை. அந்த ஆளுக்குக் கண்ணில் கோளாறு. போன வருடம் நான்கு, இந்த வருடம் ஒன்பதா? ஒரு வருடத்தில் மனுஷிக்கு ஐந்து கால் முளைக்குமா?

மார்ச் 13

தங்கை போனில்: "நீ அழவாவது செய்யேன்கா. பார்க்கிறவங்களுக்கே பயமா இருக்கு."

"அழுதா ஒன்பது நாலாயிடுமா?"

"யார் இப்ப கல்லைப் பத்திப் பேசினா?"

வைத்துவிட்டாள்.

மார்ச் 15

தனியாகப் போனேன். என் விதியை நானே மீறி, நானே எண்ணுவதென்று. கடைக்காரர் பொய்யர் என்று எனக்காவது தெரிய வேண்டும். காலையில் குளிர். என் கோட் ஈரம், அவருடையதை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் கடைசியாக அதைப் போட்டது போன வருடம், இதே பாதையில். அதற்குப் பிறகு மூச்சு வாங்குகிறது என்று சைக்கிளைத் தொடவே இல்லை.

வேர்ப்படியில் முதல் கால் ஊன்றினேன். ஒரு கல்லைப் பொறுக்கினேன். வலப் பையில் கை விட்டேன்.

பை காலியாக இல்லை.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஏரிக்கரைப் பாறையில் உட்கார்ந்து வெளியே எடுத்தேன். ஐந்து கற்கள். இரண்டு கருங்கல் சில்லு — அது கருங்கல் சரிவைத் தவிர வேறெங்கும் கிடையாது. ஒரு வெள்ளைக்கல், மணல் திட்டு. ஒரு சரளை, கடைசி இறக்கம். ஒன்று சிவப்பு.

கடைக்காரரின் பில்லை விரித்துப் பார்த்தேன். போன வருடம் அவர் என் கையில் கொட்டிய நான்கு கற்கள் வீட்டு ஜன்னலில் இருக்கின்றன. எந்த இடத்துக் கற்கள் என்று எனக்கு மனப்பாடம். அந்த நாலையும் கழிச்சா பில்லுல மிச்சம் இருக்கிறது இந்த அஞ்சு இடம்தான். அப்படியே. ஒண்ணுகூட மாறல.

இடப் பையில் எனக்கு. வலப் பையில் — யாருக்கு?

எத்தனை வருஷமா? ஒவ்வொரு தடவையும் கீழே வந்து, மூச்சு இரைக்க, உள்ளங்கையில கொட்டிட்டு, "நாலு"ன்னு சொல்லிட்டு மூஞ்சியைப் பார்ப்பாரே. நான் சந்தோஷப்படுறேனான்னு பார்க்கிறார்னு நினைச்சேன். நான் கண்டுபிடிக்கிறேனான்னு பார்த்திருக்கார்.

செம்மண் வளைவின் கல் இந்தப் பையில் கிடந்திருக்கிறது. டீச்சரின் எலும்பு அங்கேதான் உடைந்தது.

ஓட்டவில்லை. தள்ளிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 16

பழைய டைரிகளை எடுத்தேன். ஏழு கற்கள் கொட்டியது பதினோரு வருடத்துக்கு முன். அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: "அவருக்கு எண்ணத் தெரியவில்லை." மறுநாள்: "பேசவில்லை." மறுநாள்: "பேசவில்லை." மறுநாள்: "பேசவில்லை. அவரே சமைத்தார், உப்பு இல்லை, சொல்லவும் இல்லை." நான்காம் நாள் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.

அந்த நாலு நாளுக்காகவா? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. நான் அஞ்சாவது நாள் பேசியிருப்பேனே. பேசியிருப்பேனா?

கோபம் வந்தது. ஏழு மாதத்தில் முதல்முறையாக ஏதோ ஒன்று வந்தது. இந்த மனுஷன் இப்போது எதிரே நின்றால் எட்டு நாள் பேசமாட்டேன்.

மார்ச் 17

கறுப்புப் பெயின்ட், இரண்டு பிரஷ், மண்ணெண்ணெய். காலை ஏழு மணிக்கே மேல் ஏரிப் பாதை முகப்பில் பலகையைச் சுரண்ட ஆரம்பித்தேன். ஒன்பது மணிக்கு விசில் வந்து நின்றார்.

"அப்ப கடைக்காரர் எண்ணினதை ஒத்துக்கிட்டீங்க."

"இல்ல. எங்க வீட்டுக்காரர் எண்ணினதை ஒத்துக்கிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. புரியவைக்கவும் இல்லை.

"மத்த ஆறு பாதையும் திரும்ப எண்ணணும்," என்றேன். "அதுக்கப்புறம் உங்க கருவியை வாங்கிக்குங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்ப்போம்."

"விடமாட்டீங்களே," என்றார். இரண்டாவது பிரஷை எடுத்து ஓரங்களை அடித்தார். கோணலாக அடித்தார். அவர் போனதும் சரி செய்தேன்.

மார்ச் 18

டீச்சர் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரே அறை. இடது கை தோளோடு கட்டித் தொங்குகிறது. நாற்பது வயது இருக்கும். கட்டிலில் விடைத்தாள் குவியல்.

"பலகை தப்பா இருந்துச்சு," என்றேன்.

"மன்னிப்புக் கேட்க வந்தீங்களாம்மா?"

"பலகை தப்புன்னு சொல்ல வந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல."

டீச்சர் சிரித்துவிட்டார். "விழுந்தப்பகூட இவ்வளவு வலிக்கலம்மா."

எழுந்துகொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னேன்: "ஆறு பாதை மிச்சம் இருக்கு. பின்னால வந்து எண்ண ஆள் வேணும். மெதுவாத்தான் ஓட்டுவேன், நடந்தே வரலாம்."

"எனக்கு ஒரு கைதான் இருக்கு."

"கல் பொறுக்க ஒரு கை போதும்."

"தப்பா எண்ணினா?"

"எனக்குப் பிடிக்கிற மாதிரி எண்ணினாத்தான் தப்பு."

டீச்சர் சிரிக்கவில்லை. சரி என்றார்.

மார்ச் 24

மழை. ஒன்றுமில்லை.

தங்கை வந்தாள். ஜன்னல் கற்களைத் துடைத்து வைத்தாள். ஐந்து கற்களைப் பற்றிச் சொன்னேன். அவள் அழுதாள். நான் டீ போட்டேன். அடுப்பங்கரையில் நின்றபோது எனக்கும் கொஞ்சம் வந்தது. பால் பொங்கிவிட்டது.

ஏப்ரல் 6

கீழ் ஏரிப் பாதை. பதினேழு வருடமாகப் பச்சை. சின்னப் பிள்ளைகளும் போகும் பாதை.

கரையோரம் காற்று அதிகம். டீச்சருக்கு அவருடைய மஞ்சள் கோட்டைக் கொடுத்தேன். கட்டுப் போட்ட தோளின் மேல் போர்த்திக்கொண்டார். ஒரு பக்கம் இழுத்தது.

"இந்தப் பை ஏம்மா தைச்சிருக்கு? உள்ள கனமா ஏதோ இருக்கு."

"போன வருஷத்து அஞ்சு கல். அதைச் சேர்க்க வேண்டாம். இடப் பையில போடுங்க."

சரி என்று இடப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பாதை முடிவில் மூன்று கற்களை என் கையில் கொட்டினார். "மூணு," என்றார். சொல்லிவிட்டுக் குனிந்து செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இடப் பையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். காட்டினார். கைக்கட்டுக்குள்ளும் பார்த்தேன்.

மூன்றுதான். நீலம். பிரஷை ஊறவைத்திருக்கிறேன்.