அலுமினியக் குண்டான் கவிழ்ந்திருந்த நாள்

என் அஞ்சலைக்கு,

கையெழுத்து கோணலும் மாணலுமாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் உன் பெயரை நானே எழுதிவிட்டேன், பார்த்தாயா? எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் தெருச் சங்கத்து முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்டது. இந்தக் கடிதத்தை அங்கே சுவரில் ஒட்டுவார்களாம். நம் ஸ்ரீராம்புரமே படிக்கட்டும், எனக்கென்ன?

நான் இன்னும் அதே கட்டடத்துக்கு வாட்ச்மேன்தான். அதே மொட்டைமாடி அறை. பக்கத்தில் அதே செல்போன் டவர். டவரடியில் வெள்ளைக் காளான் மாதிரி ஒன்று நிற்குமே, புறா அசிங்கம் பண்ணுகிறது என்று அதன்மேல் நீ அலுமினியக் குண்டானைக் கவிழ்த்து வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போன் அறுந்துபோனது. டவர் பார்க்கும் மஞ்சுநாத் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அய்யோ அம்மா! வானத்துல சேட்டிலைட் சொல்ற டைமை வாங்குறதே இதுதான். டைம் தப்பினா நம்ம டவரும் பக்கத்து டவரும் ஒண்ணு மேல ஒண்ணு பேசும். லைன் நிக்காது."

"சுத்தமா இருக்கட்டும்னு மூடினேன். அதுக்கு இந்தக் கத்தலா?" என்று அவனையே அதட்டினாய்.

போன வாரம் அவன் ஒரு புதுப் பெட்டி கொண்டுவந்து மாட்டினான். மேலேயிருந்து டைம் வராவிட்டாலும் உள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்குமாம். சோதித்துப் பார்க்க வேண்டும். தலையைச் சொறிந்துகொண்டே இந்தத் தாத்தாவிடம் வந்தான். "அஜ்ஜா, அம்மாவோட அந்தக் குண்டான் இருக்கா?"

இருந்தது. அடுப்படியில் நீ வைத்த இடத்திலேயே இருந்தது. நான்தான் எடுத்து அந்தக் காளான்மேல் கவிழ்த்தேன். பெட்டியில் பச்சை விளக்கு மஞ்சளானது. அவ்வளவுதான். ஒரு போன்கூட நிற்கவில்லை. கீழே காய்கறிக்காரி போனில் யாரையோ திட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நேரம் சொன்னவர் போய்விட்டார். தெரு அதே நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

"இப்படியே எவ்வளவு நாள் ஓடும்?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் அஜ்ஜா. கடைசியா கேட்ட டைமை வெச்சு எண்ணிக்கிட்டே போகும். மெல்ல மெல்ல விலகும். மேல யாரும் இல்லன்னு அதுக்குத் தெரியும். தான் எவ்வளவு விலகிட்டோம்னு மட்டும் தெரியாது."

அன்று முழுவதும் அந்த மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு எப்போதும் நேரம் சொன்னது நீதானே? குழாயில் தண்ணீர் வரும் விடியலில் நீதானே எழுப்புவாய்? நீ கண்ணை மூடிய பிறகும் ஒரு நாள்கூடத் தண்ணீர் தவறவில்லை. காதோரம் "என்னங்க" என்று கேட்கும், எழுந்துவிடுவேன். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் மஞ்சுநாத் சொன்னது உறுத்தியது. பீன்யாவில் இருக்கும் நம் மகள் செல்விக்குப் போன் போட்டேன்.

"உங்கம்மா என்னை எப்படிக் கூப்பிடுவா?"

"ஏன்ப்பா, மறந்துட்டியா? 'இந்தாய்யா'ன்னுதான்."

"'என்னங்க'ன்னு இல்ல?"

சிரித்தாள். "என்னங்கவா? அது டிவி சீரியல்ப்பா! அம்மா ஒரு நாளும் உன்னை அப்படிக் கூப்பிட்டதில்ல."

மாடியில் வெயில் கொளுத்தியது. அப்படியென்றால் இத்தனை நாளாய் என்னை எழுப்புவது யார், அஞ்சலை? எனக்குள் உன் குரல்தான் விலகிப்போய்விட்டதா? இல்லை, உன் இடத்தில் வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிட்டார்களா?

மறுநாள் குண்டானை எடுத்தோம். பச்சை உடனே வரவில்லை. பெட்டி வானத்தைத் துழாவுகிற மாதிரி இருந்தது. பிறகு வந்தது. மஞ்சுநாத் கைதட்டினான். எனக்கு நிமிர்ந்து பார்க்க மேலே யார் இருக்கிறார்கள்? செல்விதான் இருக்கிறாள். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி அவளிடம் காட்டப்போகிறேன். தப்பாக இருந்தால் அடித்துத் திருத்தட்டும்.

நேற்று விடியலில் மறுபடி "என்னங்க" என்று கேட்டது. மிகப் பக்கத்தில். கண்ணைத் திறக்காமல் கிடந்தேன். குழாயில் தண்ணீர் வந்து, நின்றும் போனது. அப்புறமும் ஒரு தடவை கூப்பிட்டது. இந்த முறை கோபமாக.

நான் எழுந்திருக்க மாட்டேன். "இந்தாய்யா" என்று கேட்டால்தான் எழுவேன். கேட்டதா இல்லையா என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். அதுவரை குடம் காலியாகவே கிடக்கட்டும்.

உன் குரலுக்கு மட்டும் எழுகிற
உன் வீட்டுக்காரன்,
கோவிந்தன்