துடைக்காத திரை

நேற்று டேப்லெட்டை உறையிலிருந்து உருவினேன். தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. பழைய எண்ணெய், லேசாகச் சிக்கு வாடை. கடைசியாக அதைத் தொட்டவன் நீ. உன் அம்மா உன் கையில் தேய்த்துவிட்ட எண்ணெய் அது.

திரையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே மலைப்பக்கம் தொடங்கி, வளைந்து வளைந்து இறங்கி, கடைசி வயலுக்குச் சற்று முன்னால் நின்றுபோன ஒரு தடம். உன் விரல் போன வழி. நீ போன பிறகு அதுவரை அந்தத் திரையை நான் துடைக்கவில்லை. யாரிடமும் கொடுக்கவும் இல்லை. கொடுத்தால் உன் தடத்தின் மேல் இன்னொரு கை படும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் நாம் செய்த டேப்லெட் ஆட்டம் இன்னும் வெளியே வரவில்லை. நான் எழுதும் புரோகிராம் கோடு முடிந்துவிட்டது. படம் முடிந்துவிட்டது. கடைசி லெவலை மட்டும் முன்பின் தெரியாத ஆள் யாரும் விளையாடிப் பார்த்திருக்கவில்லை. அப்படி ஒருவர் விளையாடாமல் எதையும் வெளியே விடக்கூடாது என்பது நீ போட்ட சட்டம். சட்டத்தை மீறவும் மனதில்லை, டேப்லெட்டைக் கொடுக்கவும் மனதில்லை. செல்போனில் ஓட்டிக் காட்டலாமே என்பாய். நீ வரைந்தது அகலத் திரைக்கு. செல்போனில் உன் வாய்க்கால் எல்லாம் நூலாகிவிடும். சென்னையில் வெளியிட ஒத்துக்கொண்டவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் எடுக்கவில்லை.

இஞ்சினியரிங்கில் ஒரே பெஞ்சில் இருந்துவிட்டு நான் தென்காசியில் வீட்டிலிருந்தே வங்கி மென்பொருள் எழுதப் போனேன். நீ பெங்களூரில் ஒரு கேம் கம்பெனிக்கு டெஸ்டராகப் போனாய். ஒருநாள் பையோடு பஸ் ஸ்டாண்டில் வந்து நின்று, "வேலைய விட்டுட்டேம்லே. ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு செய்வோமா?" என்றாய்.

"என்ன செய்ய?"

"தண்ணி."

அவ்வளவுதான் நம் ஆட்டம். மலையிலிருந்து விழும் தண்ணீரை வாய்க்கால் வழியாக, மடை மடையாகக் கொண்டுவந்து, பயிர் வாடுமுன் கடைமடை வயலில் சேர்க்கவேண்டும். நம் ஊர்ப்பக்கம் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். என் சித்தி மகன்களிடமும் ஆபீஸ்காரர்களிடமும் காட்டினேன். எல்லோரும் சூப்பர் என்றார்கள். நீ மட்டும் உதட்டைப் பிதுக்கினாய். "சொந்தக்காரன் சொல்லுத சூப்பரு செல்லாதுலே."

அந்த ஆடியில் குற்றாலத்தில் வெள்ளம் வந்து மெயின் அருவியில் குளிக்கத் தடை போட்டார்கள். உடனே நீ பைக்கை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றாய்.

"அருவிய மூடிட்டாங்களாம். கெளம்பு."

"மூடுன அருவிக்கு எதுக்குலே போவணும்?"

"அதுக்குத்தாம்லே. நமக்கு ஆபீஸ் தொறந்தாச்சு."

அங்கே போனபிறகுதான் புரிந்தது. உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து, அருவிக்குள் இறங்கப் போன நேரத்தில் போலீஸ் விசிலடித்து ஏற்றிவிட்ட கூட்டம். குளிக்கவும் முடியாது, சட்டை போடவும் முடியாது. சாரலில் பளபளவென்று நின்றுகொண்டு, எப்போது திறப்பார்கள் என்று போலீஸ்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நீ பஜ்ஜிக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாய். "அண்ணாச்சி, அருவி தொறக்க வரைக்கும் இத விளாடிப் பாக்கீயளா? காசு கெடையாது." ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அந்த மடையைத் திறங்க. அது இல்ல, இடது பக்கம். மொதல்ல மேல உள்ளத மூடுங்க." நீ என் தொடையில் கிள்ளினாய். அந்த ஆள் எழுந்து போனதும் திரும்பிக் கேட்டாய்:

"ஆட்டத்த வாங்குதவன் வீட்டுக்கெல்லாம் நீ கூடவே போவியாலே? பக்கத்துல உக்காந்து எடது பக்கம், வலது பக்கம்னு சொல்லுவியா?"

"தெரியாம முழிக்கான், பாத்துக்கிட்டு எப்படி இருக்கது?"

"அவன் முழிக்கதத்தான் பாக்க வந்திருக்கோம். வாய மூடு."

விசில் அடித்து அருவி திறந்ததும் கூட்டம் சிதறி ஓடியது. பாதி லெவலில் இருந்த ஒரு அக்கா டேப்லெட்டை என் மடியில் வீசிவிட்டுப் போனாள். எனக்கு எரிச்சல். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அருவி தொறந்த பெறவும் ஒருத்தன் எந்திரிக்காம இருந்தாம்னு வையி, அன்னைக்கு நம்ம ஆட்டம் முடிஞ்சுன்னு அர்த்தம்." அதை நான் வேடிக்கைப் பேச்சு என்று விட்டுவிட்டேன். நீ விடவில்லை. அதன்பின் ஒவ்வொரு தடவையும் விசில் அடிக்கும்போது உன் கண் விளையாடுகிறவர் மேலேயே இருக்கும். எல்லோரும் எழுந்து ஓடினார்கள்.

திரை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. துண்டை எடுத்துத் துடைக்கப் போனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"தொடைக்காதலே. அதாம்லே ரிப்போர்ட்டு."

சாய்த்துக் காட்டினாய். நான் கோடு எழுதி வைத்திருந்த மடைகளின் மேல் ஒரு கறைகூட இல்லை. பிசுக்கு எல்லாம் தண்ணீரின் மேல். வந்தவர்கள் அத்தனை பேரும் தண்ணீரையே தொட்டு, அதையே விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்திருந்தார்கள்.

அதற்குச் சண்டை போட்டோம். மடைக்கு நான் எழுதிய கணக்கு, நீர்மட்டம், அழுத்தம், எந்தக் கதவு எவ்வளவு திறந்தால் எவ்வளவு பாயும் என்பதெல்லாம், நான் எழுதியதிலேயே அழகான கோடு. "கோடு அழகாத்தான் இருக்கு. யாரு இல்லங்கா? அருவிக்கு வந்தவன் தண்ணியத் தொடாம போவானா?" என்றாய். கொஞ்ச நாள் உன்னோடு பேசவில்லை. பிறகு பேசாமலே உட்கார்ந்து அத்தனையையும் அழித்தேன். தண்ணீர் விரலின் பின்னால் வரும்படி புதிதாக எழுதினேன். அடுத்த தடவை அருவி மூடியபோது முதல் லெவலில் ஒருவரும் முழிக்கவில்லை. நீ என்னைப் பாராட்டவில்லை. ஒரு பஜ்ஜியை என் தட்டில் வைத்தாய்.

கடையம் பக்கத்துக் கல்லூரியில் உன்னைப் பேசக் கூப்பிட்டது நினைவிருக்கிறதா? சாதித்த கதை சொல்வாய் என்று பிரின்சிபால் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நீ போய், "பெங்களூர்ல நாள் முழுக்கச் செவுத்துல முட்டிக்கிட்டதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்று தொடங்கினாய். ஆட்டத்தில் எந்தச் சுவரில் ஆள் உள்ளே புகுந்துவிடுகிறான் என்று முட்டி முட்டிப் பார்க்கும் வேலை. பிள்ளைகள் சிரித்தார்கள். "செவுத்துல முட்டுதவன் முட்டாள் இல்ல. அங்கன வழி இருக்குன்னு நம்ம வரைஞ்ச படம் அவன நம்ப வச்சிருக்கு. திருந்த வேண்டியது படம்" என்றாய். சிரிப்பு நின்றது. என்ன சாப்ட்வேர் படிக்க வேண்டும் என்று ஒரு பெண் கேட்டாள். "எதுன்னாலும் படி. ஒரு சின்ன ஆட்டத்த எடுத்து முடி. கேவலமா இருந்தாலும் முடி. முடிக்கது எப்படின்னு முடிச்சாத்தான் தெரியும்." நான் பின்வரிசையில் இருந்தேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டாளோ என்னவோ, நான் மனதில் எழுதிக்கொண்டேன்.

பிறகு உன் ரத்தத்தில் கோளாறு என்றார்கள். திருநெல்வேலி ஆஸ்பத்திரி. கூட்டத்துக்குள் போகவே கூடாது என்றார் டாக்டர். அடுத்த சீசனில் அருவி மூடிய செய்தி வந்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே என்னைக் கூப்பிட்டாய். "நீ போ. இயர்போன மாட்டிக்கோ, லைன்ல நான் இருக்கேன்." போனேன். அன்றைக்கு மாட்டியவர் சுரண்டையில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. கனத்த உடம்பு, எண்ணெய் சொட்டுகிறது. லெவல் லெவலாகப் போய்க்கொண்டே இருந்தார். கடைசி லெவல் அப்போது வரையவே இல்லை. அதற்கு முந்தியதில் அவர் தவித்துக்கொண்டிருக்கும்போது விசில் அடித்துவிட்டது.

"தம்பி, கடைமடைக்குத் தண்ணி போவுமா போவாதா? அதச் சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். காதுக்குள் நீ: "சொல்லாதலே."

"தெரியாது அண்ணாச்சி."

"நீதானலே செஞ்ச? தெரியாதுங்கியே! காதுக்குள்ள யாரு, ஒம் பொண்டாட்டியா?"

"கூட்டாளி, அண்ணாச்சி. ஆஸ்பத்திரில இருக்கான். அவன்தான் படம் வரைஞ்சது."

அவர் குனிந்து என் காதோரம் வாயை வைத்துக் கத்தினார். "ஏலே, சீக்கிரம் எந்திரிச்சு வா. இங்கன உக்காந்திருக்கவனுக்கு ஒண்ணும் தெரியல!" கத்திவிட்டு அருவிக்கு ஓடினார். நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து போனைப் பிடுங்கும் வரை சிரித்தாய்.

இலஞ்சியில் உன் வீட்டுக்கே உன்னைக் கொண்டுவந்த பிறகு படுத்துக்கொண்டே கடைசி லெவலை வரைந்தாய். தென்னந்தோப்புக்குள் புகுந்து, கடைசியில் ஒரு வளைவு திரும்பி வயலுக்கு இறங்கும் வாய்க்கால். நான் அதை ஓடவைத்துக் கொண்டுவந்து உன் மடியில் வைத்தேன். அம்மா உன் கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்தில் தோல் அப்படி உலர்ந்து வெடித்திருந்தது. "தொடச்சுட்டுக் குடுக்கட்டா?" என்றார்கள். "வேண்டாம்மா, நம்ம ஆபீஸ்ல இதான் வழக்கம்" என்று சொல்லிவிட்டு விளையாடினாய்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் விரல் மெதுவாகப் போனது. சில இடங்களில் தண்ணீர் விரலை முந்திக்கொண்டு போய்க் காத்திருந்தது. அந்தக் கடைசி வளைவில் நின்றாய். திரும்பவும் தள்ளினாய். நின்றாய். எனக்கு வழி தெரியும். நாக்கைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டேன். நீ டேப்லெட்டை என் பக்கம் நகர்த்தினாய்.

"களைச்சுட்டுலே. பெறவு பாப்போம்."

"சரி."

"இன்னைக்குத்தான் வாய மூடிட்டு இருந்திருக்க."

வேலை சம்பந்தமாக நீ என்னிடம் சொன்னது அதுவே கடைசி.

நேற்று மறுபடி அருவியை மூடினார்கள். செய்தி வந்ததும் பழக்கத்தில் கால் பைக்கை உதைத்துவிட்டது. பையில் டேப்லெட் இருந்தது, கொடுப்பதற்காக இல்லை. பஜ்ஜிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, முதலில் சொன்னேனே, அப்படித் திரையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு நிழல் விழுந்தது. எண்ணெய் சொட்டும் ஒரு பெரிய கை நீண்டது.

"கொண்டா அத. ஒரு வருசமா மனசுல கெடக்கு. கடைமடைக்குப் போச்சா இல்லயா?"

சுரண்டை அண்ணாச்சி. வீட்டம்மாவும் பின்னால் நின்றார்கள், ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு.

கொடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். சார்ஜ் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "கை பிசுக்கா இருக்கோ? தொடச்சுட்டு வாரேன்" என்று துண்டைத் தேடினார்.

"வேண்டாம் அண்ணாச்சி. அப்படியே விளாடுங்க."

சொன்னது நான்தானா என்று இன்னும் சந்தேகம். கடைசி லெவலை வைத்துக் கொடுத்தேன். முதல் இழுப்பிலேயே மலைப்பக்கத்து உன் தடம் அழிந்தது. நான் வேறு பக்கம் திரும்பவில்லை. முழிக்கிறதைத்தானே பார்க்க வந்திருக்கிறோம்.

தோப்பைத் தாண்டினார். அந்த வளைவு வந்தது. அவர் விரல் நின்றது. திரும்பவும் தள்ளினார். நின்றது. நீ நின்ற அதே இடம், மயிரிழைகூடப் பிசகவில்லை.

அப்போதுதான் பிடிபட்டது. களைப்பு இல்லையடா அது. வளைவு சரியில்லை. விரல் திரும்புகிற அளவுக்குத் தண்ணீர் திரும்பவில்லை. என் கோடு தப்பு. நீ ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய், நான் அதைப் படிக்காமல் உறைக்குள் போட்டுப் பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் விசில் அடித்தது. கூட்டம் எழுந்து ஓடியது. பஜ்ஜிக்கடை பெஞ்சே காலி. வீட்டம்மா இரண்டு அடி போய்த் திரும்பினார்கள்.

"ஏங்க, தொறந்துட்டாங்க. வாங்க, மறுபடி மூடிருவான்!"

அண்ணாச்சி தலையை நிமிர்த்தவில்லை.

"நீ போடி. எனக்குத் தண்ணி வருது."

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் முறைத்தார், திட்டினார், வளைவைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டார். தண்ணீர் திரும்பி, தயங்கி, வயலில் இறங்கியது. நீ வரைந்த பச்சை வயல் முழுக்கப் பரவியது. பெருமூச்சு விட்டு டேப்லெட்டை என் மடியில், வீசாமல், வைத்தார்.

இன்று காலை அந்த வளைவைச் சரிசெய்துவிட்டேன். சென்னைக்காரர்களின் போனையும் எடுத்துப் பேசிவிட்டேன். இனி எந்த ஆட்டம் செய்தாலும் விளையாடுகிறவர் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காரும் இடம் எனக்கு உண்டு. நீ கிள்ளிய இடம் தொடையில் இன்னும் உறைக்கிறது. திரையைத் துடைத்துவிட்டேன். அடுத்த ரிப்போர்ட்டுக்கு இடம் வேண்டும் அல்லவா?

ஒன்றே ஒன்று பாக்கி. அருவிப்பக்கம் போகத் திரும்பிய அண்ணாச்சி நின்று கேட்டார்.

"காதுக்குள்ள இருந்தானே ஒருத்தன், எந்திரிச்சுட்டானா?"

நான் டேப்லெட்டை உறைக்குள் செருகினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எண்ணெய்க் கையை என் தோளில் வைத்தார்.

"சரி. அவன்ட்ட சொல்லிரு, கடைமடைக்குத் தண்ணி போயிட்டுன்னு."

"சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன்.

போயிட்டுலே.