மறைப்புக்குப் பின்னால் உருண்ட பகடை

மைத்துனருக்கு,

ஆளுக்கொரு பாத்திரமாகி ஞாயிறுதோறும் எங்கள் மேசையில் ஆடும் கதை விளையாட்டுக்கு மீண்டும் வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது அதை நடத்துபவன் நான். தொடக்கத்தில் உங்கள் தோரணையிலேயே நடத்திப் பார்த்தேன், எடுபடவில்லை.

நீங்கள் நடத்திய கடைசி ஆட்டம் நினைவிருக்கும். உங்கள் தங்கையின் பாத்திரத்துக்காகப் பகடையை எல்லோர் முன்னாலும் உருட்டி, "பகடை சொன்னா சொன்னதுதான். உன் வைத்தியச்சி செத்துட்டா" என்றீர்கள். சிகிச்சையில் முடி கொட்டிய தலையில் துணி கட்டியிருந்த உங்கள் தங்கை சிரித்தாள். "நல்லதாப் போச்சுண்ணா, ஒத்திகை பாத்தாச்சு." அதன்பின் அவள் அந்த மேசைக்கு வரவே இல்லை.

சென்ற வாரம் என் மகளின் பாத்திரத்துக்கும் சாவைக் குறிக்கும் அதே எண் விழுந்தது. நான் அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டுகிறவன். "மூச்சு இருக்கு" என்றேன்.

"நெஜமாவாப்பா?"

"நெஜம்தாம்மா."

அவள் மறைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், எட்டிப் பார்க்கவில்லை.

இதுதான் என் பாணி. உங்கள் நேர்மைக்கு எங்கள் மேசையில் நாற்காலி இல்லை. இந்தப் பொய்யைச் சொல்ல நான் பழகியபோது, இதைக் கேட்டிருக்க வேண்டியவள் போய்விட்டிருந்தாள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்