ஃபிரிட்ஜின் மேல் தட்டு

3 ஜூன் 2025, செவ்வாய்

மாதாமாதம் பிரஷர் பார்க்க வரும் சுகாதார நிலையத்துப் பெண் கலைமதி, இன்று ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியோடு வந்தாள். ஐம்பது தாண்டியவர்களுக்காம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். குடலில் புற்றுநோய் என்றால் வலி வருவதற்கு முன்பே தெரிந்துவிடுமாம். மூடியில் ஒட்டியிருக்கும் குச்சியால் நாலைந்து இடத்தில் தொட்டு உள்ளே சொருகினால் போதும்.

"வியாழக்கெழம வந்து வாங்கிக்கிறேம்மா. அதுவரைக்கும் ஃபிரிட்ஜ்ல வெச்சிருங்க."

ஃபிரிட்ஜிலா! திண்டிவனத்தில் முப்பது வருடம் பள்ளிக்கூடத்துச் சத்துணவு பார்த்தவள் நான். கரண்டியைத் தரையில் வைத்த ஆயாவை ஒருநாள் முழுக்கத் திட்டியிருக்கிறேன். என் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இதுவா?

4 ஜூன்

காரியம் முடிந்தது. மூன்று கவர் போட்டுச் சுற்றி, கொல்லையில் முருங்கைமரத்தில் கட்டிவிட்டேன். கத்திரி போயும் வெயில் போகவில்லை. ஒரு காக்கை வந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டது.

5 ஜூன்

கொடுத்தாயிற்று. "ஃபிரிட்ஜ்லதான வெச்சிருந்தீங்க?" என்றாள். தலையை ஆட்டினேன்.

17 ஜூன்

ஒன்றும் இல்லையாம்! சந்தோஷத்தில் சேமியா பாயசம் வைத்தேன். சத்துணவுக் கை, குண்டான் நிறைய ஆகிவிட்டது. யாருக்குக் கொடுப்பது? பக்கத்து வீட்டு ராஜாமணிக்குச் சர்க்கரை. என் வீட்டுக்காரர் போய் எட்டு வருடம் ஆகிறது, பிள்ளை குட்டியும் இல்லை. இன்னும் ஒரு ஆளுக்குச் சமைக்க வரவில்லை எனக்கு. நாளைக்கும் இதையேதான் தின்ன வேண்டும்.

1 ஜூலை

வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். கலைமதி ராஜாமணியிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் குப்பியை மொட்டைமாடியில் வைத்துவிட்டாராம். "வெயில்ல வெச்சா கெட்டுப்பூடும் சார். ரத்தம் இருந்தாக்கூட இல்லேன்னுதான் காட்டும். இன்னொன்னு தர்றேன், ஒழுங்கா எடுங்க."

துடைப்பம் கையிலேயே நின்றுவிட்டது. என் முருங்கைமரம்! அப்படியானால் அந்தப் பாயசம் எதற்கு?

2 ஜூலை

சொல்வதா, வேண்டாமா? ராஜாமணி வெகுளி, உண்மையைச் சொன்னார். நான் பெரிய சுத்தக்காரி, தலையை ஆட்டினேன்.

4 ஜூலை

போனில் சொல்லிவிட்டேன். "மரத்துலயா? அய்யோ, போங்கம்மா!" என்று சிரித்தாள். திட்டியிருந்தால் தேவலை.

9 ஜூலை

புதுக் குப்பி ஃபிரிட்ஜுக்குள் போய்விட்டது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட்டு, மேல் தட்டில் அது மட்டும். மனசு கேட்காமல் பாலை வெளியே எடுத்து வைத்தேன். திரிந்துவிட்டது.

22 ஜூலை, செவ்வாய்

கலைமதி வந்தாள். பிரஷர் மெஷினை எடுக்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள். அப்போதே தெரிந்துபோயிற்று.

"ரத்தம் இருக்குதும்மா. கேன்சர்னு அர்த்தம் இல்ல. மூலமா இருக்கலாம், உள்ள சின்ன முளை எதுனா இருக்கலாம். விழுப்புரம் பெரியாஸ்பத்திரில கேமரா உட்டுப் பாப்பாங்க. கூட ஒரு ஆளை இட்டுக்கினு போங்க."

கூட ஒரு ஆள்.

போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கேஸ் ஏஜென்சி, பால்காரர், எலக்ட்ரீஷியன். செத்துப்போனவர்கள் பெயர்கூட அழிக்காமல் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிட ஒரு பெயர் இல்லை. பயமா இருக்கு. நோயா, இதுவா — எது பெரிய பயம்னு தெரியல.

24 ஜூலை

பனமலையில் இருக்கும் தம்பி சேரனுக்குப் போன் பண்ணினேன். நிலம் பிரித்ததிலிருந்து பேச்சு இல்லை, ஆனாலும் தம்பி. அவன் பெண்டாட்டி எடுத்தாள். "அவரு மல்லாட்ட புடுங்கிக்கினு கீறாரு அண்ணி. ஆளே கெடைக்கல. எதுனா அவசரமா?"

நிலக்கடலை பிடுங்கும் நேரம். "இல்லம்மா, சும்மாதான்" என்றேன். சும்மாவா? வெட்கங்கெட்ட வாய், வேண்டிய நேரத்தில் திறக்காது.

28 ஜூலை, திங்கள்

தனியாகவே விழுப்புரம் போனேன். "மயக்க ஊசி போடுவாங்க, ஆள் இல்லாம செய்ய மாட்டாங்க" என்று நர்ஸ் திருப்பி அனுப்பினாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

பக்கத்தில் ஒருத்தி. "என்னையும் தொரத்திட்டாங்க" என்றாள். பெயர் அம்மணி, ஊர் மண்டகப்பட்டு, கூலி வேலை. இரண்டு வருடமாக ரத்தம் போகிறதாம். "மூலச்சூடுன்னாங்க. துத்திக்கீர, மோரு... அதேதான் தின்னுக்கினு கெடந்தேன்." மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அவனிடம் சொல்லவில்லை. "லீவு போட்டா வேல பூடும்."

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கவில்லை. நான் ஊற்ற, கையேந்திக் குடித்தாள். பாட்டிலையே எடுத்துக்கோ என்று நான் ஏன் சொல்லவில்லை?

எழுந்திருக்கும்போது அவள்தான் கேட்டாள். "எனுக்கு நீங்க ஆளு, ஒங்குளுக்கு நானு. ஆவாதாக்கா?"

31 ஜூலை

நேற்று முழுக்கப் பேதி மருந்து. குடித்துக் குடித்து உப்புக் கரித்தது. இன்று எனக்குப் பார்த்தார்கள். கண் விழித்தபோது அம்மணி என் செருப்பையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரே ஒரு மொளதானாம். அறுத்து எடுத்துட்டாங்களாம். டாக்டரு என்னைக் கூப்ட்டுத்தான் சொன்னாரு" என்றாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

4 ஆகஸ்ட், திங்கள்

இன்று அம்மணிக்கு. "கூட வந்த ஆள் யாரு?" என்று கூப்பிட்டார்கள். போனேன்.

கட்டியாம். குடலைப் பாதிக்கு மேல் அடைத்திருக்கிறதாம். அதுவும் முதலில் சின்ன முளையாகத்தான் இருந்திருக்கும், அப்போதே பார்த்திருந்தால் கேமராவிலேயே எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். இனி பெரிய ஆபரேஷன். அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்றார். நான்! ஏழு நாள் பழக்கத்தில் நான் சொல்ல வேண்டும்.

"எனுக்கும் மொளதானக்கா?" என்று விழித்ததும் கேட்டாள். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்த பிறகு சொன்னேன். பஸ்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "மல்லாட்ட வேல முடிஞ்ச அப்பால வெச்சிக்கலாமா?"

வந்ததே கோபம். மல்லாட்டையாம் மல்லாட்டை! மகனுக்கு இப்பவே போன் போடுடி, இல்லன்னா நான் போடுவேன் — பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அவள் அழுதாள். பாட்டிலை அவள் கையில் திணித்தேன். வாய் வைத்துக் குடித்தாள். மிச்சத்தை நான் குடித்தேன்.

18 ஆகஸ்ட்

எடுத்த முளையைச் சோதித்ததில் புற்று இல்லையாம். விட்டிருந்தால் ஆகியிருக்குமாம். மூன்று வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

திரும்பி வரும்போது அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் வர வேண்டும். வேகமாக வந்துவிட்டேன்.

3 செப்டம்பர்

அம்மணிக்கு ஆபரேஷன். விடியற்காலை பஸ்ஸிலேயே போனேன். மகன் மணிமாறன் வந்திருந்தான். நல்ல பையன். "நீங்க யாருங்க?" என்றான் மரியாதையாக.

"ஆஸ்பத்திரில பழக்கம்ப்பா" என்றேன்.

உள்ளே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. கதவு மூடும்போது அவள் பாதம் மட்டும் தெரிந்தது. மத்தியானம் வரை வெளியே நின்றேன். "நல்லபடியா முடிஞ்சிதுங்க" என்று அவன் வந்து சொன்னதும் பஸ் ஏறிவிட்டேன். சொந்த ஆள் வந்தபின் நான் எதற்கு? நல்லதுதானே. நல்லதுதான்.

10 அக்டோபர்

அம்மணியிடமிருந்து போன் இல்லை. நானும் பண்ணவில்லை. என்ன உறவு என்று பண்ணுவது?

4 நவம்பர், செவ்வாய்

அம்மணி பேசினாள்! குரல் நூலாய் இருந்தது. "வவுத்துல பை கட்டிக்கினு கீறேங்க்கா, வெளிக்கு அதுலதான். மருந்து ஏத்தறாங்க. ஆனா கஞ்சி எறங்குது." போன் கெட்டுப்போய், மகன் இப்போதுதான் புதுசு வாங்கிக் கொடுத்தானாம். நான் இத்தனை நாள் என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாமாம், அவள் அக்கா பாஞ்சாலிக்கும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். "குப்பி குடுத்துட்டாங்கக்கா. எங்க ஊட்ல ஃபிரிட்ஜு ஏது? கவர்ல சுத்தி மரத்துல கட்டலாமான்னு கேக்கறா."

"மரத்துல கட்டாத!" என்று கத்தினேன். ராஜாமணி எட்டிப் பார்த்தார்.

"அப்பறம்... ஒங்க ஊட்ல..." என்று இழுத்தாள். "ஆனா அத ஃபிரிட்ஜ்ல..."

"ரெண்டு பேரும் நாளைக்கே வாங்க. வியாழக்கெழம சுகாதார நிலையத்துக் கலைமதி வருவா, அவகிட்டயே குடுத்துடலாம். அதுவரைக்கும் இங்கியே இருங்க."

மேல் தட்டைத் துடைத்துக் காலி செய்துவிட்டேன். பால் கீழ்த் தட்டில் இருக்கட்டும், திரியாது. மூன்று பேருக்கு என்று அரிசி ஊறப்போட்டேன். கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.