கதாநாயகியின் சம்மதம்

19 நவம்பர் 1978, ஞாயிறு

இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நான் இன்று சொல்லவில்லை.

மத்தியானம் சிநேகிதி மும்தாஜ் என் சரித்திரக் கதையைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தாள். காயல் துறைமுகத்து முத்து வியாபாரியின் மகளுக்கும் பாண்டிய நாட்டுக் குதிரை வீரனுக்கும் உள்ள காதல். தகப்பன் பார்த்த அரபு வணிகனோடு அவளுக்கு நிக்காஹ் நடக்கிற இடத்தில், அவளைப் பேசாமல் தலைகுனிய வைத்திருந்தேன்.

“ஏட்டி, உன் கதாநாயகி என்ன ஊமையா?” என்று சிரித்தாள். “எங்கள்ல சாட்சியோட வந்து பொண்ணுகிட்ட கேப்பாவ. அவ சம்மதம்னு சொன்ன பொறவுதான் நிக்காஹ். பிடிக்கலைன்னா இவ அப்பவே சொல்லிருக்கலாம்லா?”

“எங்க வீடுகள்ல யாரு கேக்கா? அந்த நெனப்புலயே எழுதிட்டேன்” என்றேன்.

அவள் போனதும் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தேன். கதாநாயகி வாயில் என்ன வார்த்தையை வைப்பதென்று தெரியவில்லை. அதற்குள் புளியங்குடியிலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள். எலுமிச்சை வியாபாரம் செய்கிற குடும்பம். கதை எழுதுவதைக் கல்யாணத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று மாப்பிள்ளை முன்பே தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

காப்பி கொடுத்தபோது அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உனக்குச் சம்மதமா தாயி? மனசுல உள்ளதச் சொல்லு.”

நிஜமாகவே கேட்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்கு வாய் எழவில்லை.

“வெக்கப்படுதா” என்றார் அப்பா.

ஆறு மணிக்குத் தட்டு மாற்றினார்கள்.