அரட்டை – இருபது நிமிடம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெரிய கம்பெனிக்காரருக்குத் தங்கை ஞாபகம் வருவது அபூர்வம் என்பதால் நானே எழுதுகிறேன். அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார், என்னைப் பார்த்தால் "நர்ஸம்மா" என்கிறார். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்திலேயே அவரைச் சேர்த்தது நல்லதாகப் போயிற்று. யாராகத் தெரிந்தாலும் பக்கத்தில் இருப்பது நான்தானே.

நான் கவனித்துக்கொள்ளும் அறையில் அப்பாவோடு சேர்த்து ஐந்து பேர். காலையில் தலை சீவிவிடும்போது ஒவ்வொருவரிடமும் "என்ன கனவு வந்துச்சு?" என்று கேட்பேன். சொல்வதை ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். மற்ற நேரம் வாயே திறக்காத அப்பா, சீப்பு பட்டதும் பேசுகிறார். நேற்று கடலின் மேல் பஸ் ஓட்டினாராம். "தண்ணி உள்ள வரவே இல்ல. கடைசி சீட்ல பெரியவனும் வாலுவும் ஜன்னலுக்குச் சண்டை போட்டுக்கிட்டே வந்துச்சுங்க" என்றார். பகலில் அவருக்கு மறந்துபோகிற நாம் இரண்டு பேரும் கனவில் டிக்கெட் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன் இல்லத்தை வாங்கியவர்களின் முகத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லை. போன வாரம் அவர்கள் அனுப்பிய ஓர் அம்மா, கையில் கடிகாரத்தோடு எங்கள் வேலைகளைக் குறித்துக்கொண்டு போனாள்.

ஜன்னல் சீட்டை விட்டுத்தராத,
வாலு

மார்ச் 19

என் செல்ல வாலுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. இங்கே மூச்சுவிட நேரமில்லை. என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே இருப்பாயே, சொல்கிறேன். ஊரார் பணத்தைத் திரட்டி நிறுவனங்களை வாங்குவோம், செலவைக் குறைப்போம், சில வருடத்தில் நல்ல விலைக்கு விற்போம். இப்போது என் மேஜையில் முப்பத்தொரு முதியோர் இல்லங்கள். பெயர் கிடையாது, எண்தான். அட்டவணையைத் தவிர வேறெதுவும் எனக்கு வராது.

ஒரு வேடிக்கை கேள். பதினான்காம் இல்லத்தின் காலை வேலைப் பட்டியலில், குளியலுக்கும் மருந்துக்கும் நடுவே "அரட்டை – இருபது நிமிடம்" என்று இருந்தது! கூட்டத்தில் விழுந்து விழுந்து சிரித்தோம். உன்னைப் போல ஒரு வாயாடி அங்கே இருக்கிறாள் போலிருக்கிறது. அந்த வரியை நான்தான் அடித்து நீக்கினேன். மற்ற இல்லங்களிலும் அதுபோலத் தேடித் தேடி எடுத்தோம். மேலிடத்தில் ஒரே பாராட்டு.

அப்பாவின் பஸ் இப்போது எங்கே போகிறது? எழுது.

கடைசி சீட்டிலிருந்து,
அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா,

அந்த வாயாடி நான்தான்.

கடிகார அம்மா, "இந்த நேரத்துல என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். கனவு கேட்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "அட, சும்மா அரட்டைதாங்க. அப்படியே போட்டுக்குங்க" என்று சிரித்தேன். ஆக, என் வாய் பாதி, உன் பேனா பாதி.

இப்போது தலைக்கு ஒரு நிமிடம். மொட்டையடிக்காத குறைதான். ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால் அடுத்தவருக்கு நேரமில்லை. அப்பா பேசிப் பதினொரு நாளாகிறது. சீப்பு பட்டதும் வாயைத் திறக்கிறார், என்னைப் பார்க்கிறார், நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறேன்.

அந்த ஒரு வரியைத் திரும்பப் போடு. உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

வாலு

ஏப்ரல் 21

வாலு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. கேட்டுப் பார்த்தேன். அடுத்த மாதம் இல்லங்களை விற்கிறோம். வாங்குகிறவர்கள் அந்த இருபது நிமிடத்தையும் சேர்த்துத்தான் விலை பேசியிருக்கிறார்கள். வரியை எடுக்க எனக்கு அதிகாரம் இருந்தது, போட இல்லை.

நாங்கள் ஒன்றும் ராட்சசர்கள் இல்லை. இது ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பென்ஷன் பணம். லாபம் குறைந்தால் அவர்கள் வயிற்றில்தான் அடி.

அப்பாவை மட்டும் வேறு நல்ல இல்லத்தில் சேர்த்துவிடலாம். செலவு முழுக்க என்னுடையது. சரி என்று ஒரு வார்த்தை எழுது.

அண்ணன்

மே 6

அண்ணா,

பென்ஷன் விஷயத்தை ஜன்னலோரக் கட்டில் டீச்சரம்மாவிடம் சொன்னேன். "அப்ப என் காசுலதான் என் கனவை நிறுத்தியிருக்காங்களா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே" என்றார். உன்னிடம் பதில் இருந்தால் அவருக்கு எழுது.

அப்பாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் மற்ற நாலு பேர் முகத்தில் நான் எப்படி விழிப்பது? வேண்டாம். உன் மேல் எனக்குக் கோபம்தான். சீக்கிரம் ஆறாது.

போன திங்கட்கிழமை அவருக்குச் சீவிவிட்டு நகர்ந்தேன். நான் கேட்கவே இல்லை. அவராகவே என் கையைப் பிடித்து இழுத்தார். "பஸ் நடுக்கடல்ல நின்னுபோச்சு. பெரியவன் இறங்கிப் போய்ட்டான். கதவை மூடாம வெச்சிருக்கேன், வந்துருவான்" என்றார். நின்று எழுதிக்கொண்டேன். அடுத்த தலைக்கு நாலு நிமிடம் தாமதம் என்று எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நோட்டும் அந்தப் பக்கத்தோடு நிற்கிறது.

பார்க்க வருகிறவர்களுக்கு இங்கே கடிகாரம் இல்லை. உங்கள் அட்டவணையில் அவர்களுக்கு வரியே கிடையாதாம். காலை ஏழு மணிக்கு வாசலைத் திறப்பார்கள். சீப்பு அப்பாவின் அலமாரியில், மேல் தட்டில் இருக்கிறது.

வாலு